ஆந்தையின் மேல் ஒரு வெட்டு

“அம்மா, நாளைக்கு என் கையை வெட்டிவிடுவார்கள். காப்பாற்றுங்கள்!”

மூச்சிரைக்க ஓடிவந்து விழுந்தான் தெரோன். பழைய கிரேக்க நாட்டில் வெள்ளிக்காசில் பதிக்கும் ஆந்தை உருவத்துக்கு அச்சு வெட்டுகிறவன். நாற்பது வயதைத் தாண்டிய ஆள், தேம்பித் தேம்பி அழுதான்.

அவனுடைய குரு பிலின்னா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன செய்தாய்?”

“ஒரு பாவமும் அறியேன். மேலே வெள்ளி, உள்ளே செம்பு என்று ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்களாம். அதனால் சந்தையில் காசை உளியால் வெட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு என் ஆந்தையின் முகம்தானா கிடைத்தது? மனசு கேட்கவில்லை அம்மா. வெட்டுப்பட்டு என் கைக்குக் கூலியாக வந்ததை எல்லாம் தட்டி மூடினேன். இறகுகளை மறுபடி கீறினேன். பளபளவென்று தேய்த்து வைத்தேன்.”

“பிறகு?”

“பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துத் தொலைத்தான். ‘உள்ளே இருக்கும் செம்பை மறைக்கிறான்’ என்று ஊரெல்லாம் பற்றவைத்துவிட்டான். நாளைக்குச் சபையில் விசாரணை. ‘தெரோன் நல்லவன்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.”

பிலின்னா தழை போட்டுக்கொண்டே இருந்தாள். அது என்ன வயிறோ, அந்த ஆட்டுக்கு!

மறுநாள் சபைக்கு வந்தாள். அவன் மூடிவைத்திருந்த ஆந்தைகளில் ஆக அழகானதை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். உளியை அவனிடமே கொடுத்தாள்.

“வெட்டு.”

“ஐயையோ! அந்தக் கண்ணைப் பாருங்கள் அம்மா. அப்படி ஒரு கண் எனக்கு இனி அமையாது.”

“ஆந்தை வேண்டுமா, கை வேண்டுமா?”

தெரோன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓங்கிப் போட்டான்.

சபையே எட்டிப் பார்த்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று வெள்ளி. மிச்சத்தையும் வெட்டச் சொன்னார்கள். எல்லாமே சுத்த வெள்ளி. பக்கத்து வீட்டுக்காரன் எப்போது நழுவினான் என்றே தெரியவில்லை.

“போகலாம்” என்றார் சபைத் தலைவர்.

அப்பாடா! தெரோன் தன் கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தான். பிலின்னாவும் பின்னால் வந்தாள். அப்போதுதான் பசி தெரிந்தது. வழியில் மீன்காரியிடம் ஒரு புத்தம் புது ஆந்தையை நீட்டினான்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதை நம்பலாமா?”

அவனுடைய இன்னொரு கையில் வெட்டுப்பட்ட ஆந்தை இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “அட, அதைக் கொடய்யா!” வாங்கி, மறுபடி பார்க்காமல் மடியில் போட்டுக்கொண்டாள்.

தெரோன் திரும்பிப் பார்த்தான். பிலின்னா மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தான். புது ஆந்தையை மறுபடியும் மீன்காரியிடம் நீட்டினான்.

“இதையும் வெட்டிக் கொடு தாயே. கண்ணை மட்டும் விட்டுவிடு.”