தலைவர் ஊற்றிய புது ஆயில்

கூட்டுறவுச் சங்கத்தின் பழைய குட்டி டிராக்டர் கலப்பையைத் தூக்க மறுத்தது. அதைக் கெடுத்தவன் டிரைவர் மாசிலாமணிதான் என்று வேலைநீக்கக் கடிதத்தோடு வந்தார் தலைவர் தணிகாசலம். "கலப்பையைத் தூக்குற ஹைட்ராலிக்குக்குப் போன மாசம்தான் புது ஆயில் ஊத்தினேன்" என்றார் உறுப்பினர்களிடம்.

மூன்று மழைக்காலமாக ஆயில் மாற்றச் சொல்லி மாசிலாமணிக்கு வாய் வலித்துவிட்டது. அவன் டிராக்டருக்கு அடியில் படுத்து, ஆயிலை வடிக்கும் அடைப்பானைக் கழற்றினான். வாளியில் பால் டீ நிறத்தில் ஆயில் இறங்கியது.

"தண்ணி கலந்திருக்குதுங்க."

"புது ஆயில் நிறமே அதுதான். உனக்கென்னடா தெரியும்?"

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டித்தான் அவர் பதினோரு வருஷமாகத் தலைவர்.

"அப்படீங்களா?" மாசிலாமணி வாளியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற தலைவரின் சொந்த டிராக்டரிடம் போய் ஆயில் மூடியைத் திறந்தான். "புது ஆயிலை வீணாக்குவானேன்? உங்க வண்டியில ஊத்திடறேன்."

"ஊத்தாதடா, கியர்பாக்ஸே போயிடும்" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார் தலைவர்.

உறுப்பினர்கள் அவரையே பார்த்தார்கள். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாசிலாமணி வாளியை இறக்கிவைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். "அப்ப நிஜமாவே புதுசு வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் கொஞ்சம் உட்காந்திருக்கேன்."