பச்சைப் புள்ளி

"மேடம், எம்பிள்ள என் முகத்தப் பாக்கவே மாட்டேங்கா."

சொல்லி முடிப்பதற்குள் செண்பகவல்லி அழுதுவிட்டாள். பாவம், வேறு யாரிடம் போய்ச் சொல்வாள்?

யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஆராய்கிற கூடம் அது. பட்டப்பகலிலும் அரையிருட்டு. சுவரில் மாட்டிய டிவியில் நீல வெளிச்சம் தளும்பிக்கொண்டே இருக்கும். உள்ளே நுழைந்தால் யாருக்கும் லேசாகத் தூக்கம் வரும்.

தலையில் ஒரு மெல்லிய பட்டை கட்டுவார்கள். அதில் கடுகளவு கேமராக்கள். கட்டியவர் காண்பதெல்லாம் டிவியில் ஓடும். கண் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு புள்ளி மிதக்கும். பெரியவர்களுக்குப் பச்சை, கைக்குழந்தைகளுக்குச் சிவப்பு.

ஃபர்ஸானா அங்கே பேராசிரியை. செண்பகவல்லி அவளிடம் ஆராய்ச்சி செய்கிறவள், ஆனால் வயதில் மூத்தவள். கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இனி இல்லை என்று எல்லாரும் கைவிட்ட பிறகு அவளுக்குப் பிறந்த மகள் நறுமுகை. இப்போதுதான் தவழ்கிறாள்.

"எப்படிச் சொல்றீங்க அக்கா?"

"தெனமும் பட்டையக் கட்டி எதிர்ல உக்கார வைக்கேன். சிவப்புப் புள்ளி என் முகத்துல சித்த நேரம் நிக்கும். அப்புறம் டிவிக்கு ஓடிரும். ஊர்ப் பிள்ளைங்கல்லாம் ஆத்தா முகத்த விழுங்குற மாதிரி பாக்குதுங்க. இவளுக்கு என்ன கொற மேடம்? நான் வயசு போயி பெத்ததாலயா?"

ஃபர்ஸானா இன்னொரு பட்டையை எடுத்துவந்தாள்.

"இன்னைக்கு நீங்களும் கட்டிக்கோங்க."

"எனக்கெதுக்கு?"

"சும்மா கட்டுங்க அக்கா."

கட்டிக்கொண்டாள். நறுமுகை எதிரே உட்கார்ந்து ஒரு மர உருண்டையைச் சப்பினாள். ஏசி முனகியது. பால் வாசனையும் பவுடர் வாசனையும் அந்த நீல வெளிச்சத்தில் கலந்து கிடந்தன. நேரம் நகர்ந்ததா, நின்றதா, தெரியவில்லை.

"பாருங்க மேடம்! பாருங்க, ஓடிருச்சு!"

"பார்த்தேன். போதும்."

ஃபர்ஸானா பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள். டிவியில் இரண்டு படங்கள், பக்கத்தில் பக்கத்தில்.

"இது உங்க குட்டி பார்த்தது."

அதில் ஒரு பெண் இருந்தாள். ஒரு பக்கத்துக் கன்னம், ஒரு காது, காதில் கம்மல். யாரோ போல இருந்தது. பிறகுதான் அது தன் கம்மல் என்று செண்பகவல்லிக்கு உறைத்தது.

சிவப்புப் புள்ளி அந்தக் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. நெற்றிக்குப் போனது. திரும்பக் கன்னத்துக்கு வந்தது. அங்கேயே கிடந்தது, மழைக்கு ஒதுங்கிய கோழிக்குஞ்சு மாதிரி.

கன்னம் திரும்பவில்லை.

மெல்ல, மிக மெல்ல, புள்ளி கன்னத்தை விட்டுக் கிளம்பி டிவிக்குப் போனது.

"அந்தப் பக்கம்?" செண்பகவல்லி மற்றப் படத்தைக் காட்டினாள்.

"அது நீங்க பார்த்தது."

பச்சைப் புள்ளி முதலிலிருந்தே அந்தப் படத்தில் தெரிந்த டிவியின் மேலேயே இருந்தது. டிவியில் ஓடுகிற சிவப்புப் புள்ளியைத் துரத்திக்கொண்டு இருந்தது. படத்தின் ஓரத்தில், மங்கலாக, ஒரு குழந்தையின் கால்விரல்கள்.

ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"உங்க ஆராய்ச்சித் தலைப்பு என்ன அக்கா?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி! இருந்தாலும் படித்த வாய் தானாகச் சொன்னது.

"பெரியவங்க கண்ணு போற பக்கம் கொழந்தைங்க கண்ணு போறது..."

பாதியில் நின்றுவிட்டாள்.

ஃபர்ஸானா எழுந்து போய் டிவியை அணைத்தாள். நீலம் சுருங்கி மறைந்தது. புள்ளிகள் இல்லை. அறையில் ஜன்னல் திரையைத் தாண்டி வந்த கொஞ்சம் வெயில் மட்டும் இருந்தது. நறுமுகையின் மர உருண்டை கீழே விழுந்து உருண்டு போகும் சத்தம் கேட்டது.

செண்பகவல்லி இன்னும் அந்தக் கறுத்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கம், வேறென்ன.

"மேடம்," என்றாள் பதற்றமாக, "இப்ப பிள்ள எங்க பாக்கா?"

"என்கிட்டயா கேட்கிறீங்க?"

செண்பகவல்லி திரும்பினாள்.