பாதியில் எழுந்த காக்கை

வழி காட்டினது கன்ஸோ. கும்பிடு வாங்கினது ஓசுமி.

அந்தக் காலத்தில், பறவையும் பனியும் மனுஷனும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, ஜப்பானில் ஆள் நடமாட்டமே இல்லாத ஓர் உயரமான மலையில் நடந்தது இது. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு இரண்டு நாள் நடை. பெரிய மரங்கள் எல்லாம் பாதி மலையிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் பாறை, காற்று, ஆங்காங்கே தரையோடு தரையாகப் படர்ந்த குட்டைப் பைன். அவ்வளவுதான். கோடையில் ஒரே ஒரு முறை, வெள்ளை உடுப்பும் வைக்கோல் செருப்புமாக ஒரு கூட்டம் உச்சியில் சாமி கும்பிட ஏறி வரும்.

கன்ஸோ ஒரு மலைக்காக்கை. தலை முதல் வால் வரை ஒரே மண் நிறம். அந்த வருஷம் ஏறி வந்த பன்னிரண்டு பேரும் மூடுபனியில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பக்கம் அதலபாதாளம். கன்ஸோதான் பாறைக்குப் பாறை தாவி, “இந்தப் பக்கம், இந்தப் பக்கம்” என்று தொண்டை கிழியக் கத்தி, ஒருத்தர் விடாமல் மேலே கொண்டுவந்து சேர்த்தான்.

உச்சியில் மூடுபனி விலகியது. அங்கே ஓசுமி என்கிற மலைக்கோழி ஐந்து குஞ்சுகளோடு குறுக்கே போனாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. சும்மா நடந்தாள்.

கூட்டத்தின் தலைவர் தோகுபே தொப்பியைக் கழற்றிவிட்டார். “பாருங்க, மலைச்சாமியே குஞ்சுகுளுவானோட நம்மளை வரவேற்க வந்திருக்கு” என்றார். பன்னிரண்டு பேரும் மண்டியிட்டார்கள். ஒருத்தர் அழவே அழுதார்.

கன்ஸோ நேராகப் போய் தோகுபேயின் முன்னால் உட்கார்ந்தான். “ஐயா, மூடுபனியில கூப்பிட்டது நான்தான்.”

“நீதானா அது? என்ன கத்து கத்தினே. இன்னும் காது வலிக்குது” என்றார் தோகுபே. “கொஞ்சம் தள்ளி உட்காருப்பா, கோழி மறையுது.”

அன்றிலிருந்து கன்ஸோவுக்கு வயிறு எரிந்தது. பைன் விதையை உடைத்து வாயில் போட்டால் தொண்டையில் இறங்கவில்லை. அவள் என்ன செய்துவிட்டாள்? நடந்தாள். நடக்க இவனுக்கும்தான் இரண்டு கால் இருக்கிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. அவளிடமே போனான்.

“என்ன, சந்தோஷமா?”

“எதுக்கு அண்ணே?”

“உன்னைக் கும்பிட்டாங்களே.”

“என்னையா? நான் கவனிக்கலையே. ஒரு குஞ்சு பின்னாடியே நின்னுடுச்சு, அதையே பார்த்துக்கிட்டிருந்தேன்.”

இது அவனுக்கு இன்னும் பொறுக்கவில்லை. பெருமைப்பட்டிருந்தாலாவது திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

இலையுதிர் காலம் முடிந்ததும் பனி வந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை வந்து மலை முழுவதையும் மூட வேண்டியவள். நின்று பேச நேரம் இல்லாதவள். ஆனால் ஓசுமியைப் பார்த்ததும் நின்றாள்.

“எல்லாரும் கீழே போயிட்டாங்க. நீ ஏன் போகலை?”

“எனக்கு அவ்வளவு தூரம் பறக்க வராதுக்கா. இங்கேயேதான் கிடக்கணும்.”

“மண் நிறத்தோட வெள்ளை மலையில கிடந்தா நரிக்குத் தெரியாதா? உட்காரு. உனக்கு ஒரு வெள்ளைச் சட்டை போட்டுவிடுறேன்.”

காலையில் பனி வேலையை ஆரம்பித்தாள். நடுப்பகலில் கன்ஸோ வந்து சேர்ந்தான். ஓசுமியின் முதுகு ஏற்கெனவே வெளுத்திருந்தது. கும்பிடும் அவளுக்கு, சட்டையும் அவளுக்கா?

“எனக்கும் போடு” என்றான்.

“உனக்கு எதுக்கு? உனக்கு இறக்கை இருக்கு, கீழே காட்டுக்குப் போயிடுவே.”

“அப்ப அவளுக்கு மட்டும் எதுக்கு?”

பனிக்குத் தர்க்கம் செய்ய நேரம் இல்லை. “சரி, அந்தப் பாறையில உட்காரு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. பக்கத்துல பார்க்கவும் கூடாது. பார்த்தா நீ அசைவே, எனக்குத் தெரியும்.”

கன்ஸோ கண்ணை மூடினான். முதல் துளிகள் நெஞ்சில் விழுந்தன. கழுத்தில் விழுந்தன. சில்லென்று நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கோடையில் தோகுபே ஏறி வருவார், தொப்பியைக் கழற்றுவார் என்று நினைத்துக்கொண்டான். அவளுக்கு எவ்வளவு ஆகியிருக்கும்? தன்னைவிட வெள்ளையாகவா? ஒரு கண்ணை மட்டும், ஒரு கீற்று மட்டும் திறந்தான்.

ஓசுமிக்குக் கால் விரல் நுனி வரை வெள்ளை.

“அவளுக்குக் கால் வரைக்கும், எனக்கு மட்டும் சொட்டுச் சொட்டா?” என்று இறக்கையை விரித்து அவள் பக்கம் தாவினான். மேலே படிந்துகொண்டிருந்த பனி அத்தனையும் சரிந்து கொட்டியது. ஏற்கெனவே ஒட்டியிருந்த துளிகள் மட்டும் நின்றன.

“அவளுக்குக் காலையிலேயே ஆரம்பிச்சாச்சுடா, உனக்கு இப்பத்தானே” என்றாள் பனி. “இனிமே ஆகாது. அடுத்த வருஷம் வா.”

அன்று முதல்தான் மலைக்காக்கையின் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அந்த ஊர்க்காரர்கள் இப்போது அவனை நட்சத்திரக் காக்கை என்கிறார்கள். நல்ல பேர்தான். அவன் காதில் விழுவதில்லை. பனி வரும்போது பசி வந்து எழுந்துவிடக் கூடாது என்று வருஷா வருஷம் பாறை இடுக்கெல்லாம் பைன் விதையாகப் புதைத்து வைக்கிறான். முதல் பனியில் வந்து உட்காருகிறான். கொஞ்ச நேரத்தில் கோபித்துக்கொண்டு, விதையையும் விட்டுவிட்டு, கீழே பறந்துவிடுகிறான். அந்த விதைதான் முளைத்துப் படர்ந்து குட்டைப் பைனாகிறது. ஓசுமி அதற்கடியில்தான் குஞ்சுகளை வைத்துக்கொள்கிறாள்.

அசையாதே, பக்கத்தில் பார்க்காதே, அவ்வளவுதான் பனி அவனுக்குச் சொன்னது. இந்த வருஷமும் பார்த்தான்.