சுனைக் காவலும் ஊர்ச் சேதியும்

ஒரு காட்டில் கோடை கொளுத்தியது. குளங்கள் எல்லாம் வற்றிவிட்டன. மிச்சம் இருந்தது ஒரு பாறைச் சுனைதான். விடிய விடிய அதில் ஊறும் தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

"வரிசையில் நின்று குடியுங்கள்!" என்று உத்தரவு போட்டது சிங்கராஜா. வரிசையைக் கவனிக்க ஒரு நீர்நாயை வேலைக்கு வைத்தது. "மழை வரும்வரை நீ இங்கிருந்து நகரக்கூடாது. குடிக்க வருகிறவர்கள் எது கொடுத்தாலும் வாங்கவும் கூடாது!"

நீர்நாய் வேலையில் படு கறார். காட்டுப்பன்றி கொண்டுவந்த கிழங்கையும் கரடி கொண்டுவந்த தேனடையையும் அப்படியே திருப்பி அனுப்பியது. ஆனால் அது பிறந்தது தூரத்து மலையாற்றில். வேலை ஓய்ந்ததும் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடும். ஆற்று நினைப்பு வந்தால் இரைகூட இறங்காது.

வரிசையின் கடைசியில் நின்ற ஒரு குரங்கு இதைக் கவனித்துவிட்டது. குரங்குக்குச் சொல்லியா தர வேண்டும்!

"அக்கா, நேத்து உங்க ஆத்துப் பக்கம் போயிருந்தேன். உங்க தங்கச்சி மூணு குட்டி போட்டிருக்கா!"

"நிஜமாவா? யார் ஜாடை?"

"ரெண்டு அவ ஜாடை. ஒண்ணு அப்படியே நீங்கதான்!"

நீர்நாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. "முன்னால வா. குடிச்சுக்கிட்டே சொல்லு!" என்றது. சேதி என்ன கிழங்கா, தேனா, வாங்கக்கூடாது என்பதற்கு? அப்படித்தான் அது நினைத்துக்கொண்டது.

மறுநாளும் குரங்கு சேதியோடு வந்தது. கூடவே அதன் கூட்டமும் வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. நீர்நாய் கேட்டுக்கொண்டே இருந்தது. குரங்குகள் குடித்துக்கொண்டே இருந்தன.

நாலாம் நாள் காலை ஒரு புள்ளிமான் தள்ளாடியபடி முன்னால் வந்தது.

"அம்மா, எங்கிட்டயும் ஒரு சேதி இருக்கு. உங்க ஊர்ச் சேதி இல்லை."

"என்ன சேதி?"

"மூணு நாளா என் முறை வர்றதுக்குள்ள தண்ணி தீர்ந்துடுது. எனக்குப் பால் வத்திப்போச்சு. என் குட்டி இன்னிக்கு எழுந்திருக்கலை."

நீர்நாய் பதறிப்போனது. "குடி தாயி, குடி! மூணு நாளா உன் முறையைப் பறிச்சது நான்தான்!"

குரங்கு விடவில்லை. "அக்கா! இன்னிக்கு உங்க அம்மா உங்களுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்காங்க. கேக்க வேண்டாமா?"

நீர்நாய் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அம்மாவைப் பார்த்துத்தான் எத்தனை நாள் ஆயிற்று! ஒரே ஒரு வார்த்தைதானே!

"வேண்டாம்! போய்க் கடைசியில நில்லு!" என்றது.

சாயங்காலம் மான்குட்டி எழுந்து நின்று பால் குடித்தது. அம்மா என்ன சொன்னாளோ, என்ன சொன்னாளோ என்று மழை வரும்வரை நீர்நாய் தினமும் ஏங்கியது. ஆனால் ஒருநாளும் குரங்கைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

பொறுப்பில் இருப்பவரின் மனம் எதற்கு ஏங்குகிறதோ, அதைக் காரியம் ஆக வேண்டியவர் கொண்டுவந்து கொடுத்தால், அது வெறும் வார்த்தையாக இருந்தாலும் லஞ்சம்தான்.