கடுகு குதிச்ச கச்சேரி

ஏய், உக்காருங்கப்பா! பேச்ச நிறுத்துங்க. தூண் ஓரமா முறுக்கு கடிக்கிற அண்ணே, உங்களத்தான் சொல்றேன். கொஞ்சம் ஊற வெச்சுச் சாப்பிடுங்க. நீங்க கடிக்கிற சத்தத்துக்கு, மாந்துறைக்கோட்டையில இருந்திருந்தா வித்வான் பட்டமே குடுத்திருப்பாங்க. சிரிக்காதீங்க. கதையே அதுதான்.

மாந்துறைக்கோட்டை ராஜா பேரு கனகபூபதி. சபைக்குள்ள மொதல்ல தொப்பை வரும், ராஜா பின்னால வருவாரு. நல்ல மனுஷன். ஆனா எவனாவது புதுசா ஒரு யந்திரத்தத் தூக்கிட்டு வந்தா போதும், பச்சப்புள்ள மாதிரி கைதட்டிருவாரு. பக்கத்துல ராணி கோமளவல்லி. சபையில அந்தம்மா பேசி யாரும் கேட்டதில்ல. வெத்தலைக்கு மட்டுந்தான் வாய் தொறக்கும்.

ஒரு நாளு நவகோடின்னு ஒரு யந்திரக்காரன் வந்தான். மூக்காலயே பேசுவான். கூடவே ஒரு பெரிய செப்பு அண்டா. அண்டா வாயில தோல இழுத்துக் கட்டி, மேல ஒரு கைப்பிடி கடுகு தூவியிருக்கான்.

"ம்ம்மகாராஜா! இதான் கலைமானி. யாராச்சும் பாடினா, வாசிச்சா, அந்தச் சத்தம் தோல ஆட்டும். தோலு ஆடினா கடுகு குதிக்கும். எவ்வளவு ஒசரம் குதிக்குதோ, அவ்வளவு ஒசந்த கலை! நல்லாருக்கு, நல்லால்லன்னு இனிமே யாரும் சண்டை போட வேணாம். கடுகு சொல்லிரும்!"

ராஜா கைதட்டினாரு. கடுகு குதிச்சுது. "அட, என் கைதட்டே கலையா!"ன்னு இன்னொரு தட்டு தட்டினாரு. அப்புறம் கட்டளையே போட்டுட்டாரு.

"நாளைக்கே போட்டி! யாரால கடுகு அதிகமா குதிக்குதோ, அவங்கதான் ஆஸ்தான வித்வான். தோத்தவங்க கோட்டைய விட்டுப் போயிரணும்!"

நவகோடி மீசைக்குள்ள சிரிச்சான். ஏன்னா அவன் மச்சான் சங்கரலிங்கம் எக்காளம் ஊதுறவன். ஆளு ஒசரத்துக்கு நீளக் கொம்பு. அவன் ஊதினா தெருவுல மாடு கயிற அத்துக்கிட்டு ஓடும்.

அப்ப ஆஸ்தான வித்வானா இருந்தது யாரு? வீணை அலர்மேலு. புருஷன் போனப்புறம் அந்த வீணைய வெச்சே பிள்ளைங்கள வளர்க்கிறவ. அவ வாசிக்கிற எடத்துக்குக் காத்துகூட செருப்பக் கழட்டி வெச்சுட்டுத்தான் வரும். அன்னிக்கே அண்டா முன்னால வாசிச்சுப் பாத்தா. ம்ஹூம். ஒரு கடுகு அசையல.

நேரா விதூஷகன் மருதப்பன்கிட்ட வந்து நின்னா. ராஜாவச் சிரிக்க வைக்கிறதுதான் மருதப்பனுக்கு உத்தியோகம்.

"அண்ணே, பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"எங்கயும் போக வேணாம் தங்கச்சி. எப்பவும் வாசிக்கிறத விட இன்னும் மெதுவா வாசி. எவன் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாத. மிச்சத்த நானும் சமையக்கட்டும் பாத்துக்கிறோம்."

மறுநாள் காலையில எக்காளம். "பேஏஏஏஏ...!" கடுகு ஒரு முழம் எகிறிருச்சு. மாடத்துல இருந்த புறா எல்லாம் ஊர விட்டே போயிருச்சு. மந்திரி தலைப்பாகை மடியில விழுந்துருச்சு. ராஜா ரெண்டு காதுலயும் வெரல விட்டுக்கிட்டு, "பிரமாதம்!"ன்னாரு.

மருதப்பன் எந்திரிச்சான். "மகாராஜா, காது கொஞ்சம் ஆறட்டும். வீணைய சாப்பாட்டுக்கப்புறம் வெச்சுக்கலாமே?"

சாப்பாடுன்னா சாப்பாடா அது! நெய் மிதக்கிற பொங்கல், கெட்டித் தயிர்சாதம், அதுக்கு மேல பாயசம். ராஜாவ ரெண்டு பேரு கைத்தாங்கலா கொண்டாந்து அரியணையில சாச்சாங்க.

"நவகோடி அய்யா, ராஜாவுக்குக் கடுகு சரியாத் தெரியல போல. அவரு பக்கத்துலயே வெச்சா உங்க யந்திரத்துக்கும் கௌரவமில்ல?"ன்னான் மருதப்பன்.

கௌரவம்னதும் அவனே அண்டாவ கடுகு சிந்தாம நகத்திக்கிட்டுப் போய் அரியணையோட ஒட்டி வெச்சான்!

அலர்மேலு நீலாம்பரி எடுத்தா. தாலாட்டுற ராகம். மெதுவா... மெதுவா...

"பாருங்க! ஒரு கடுகு பொரண்டுகூடப் படுக்கல! நிறுத்தச் சொல்லுங்க!"ன்னு நவகோடி குதிச்சான்.

"நீர் ஏன்யா குதிக்கிறீர்? குதிக்க வேண்டியது கடுகு. ராஜா நிறுத்தச் சொன்னாரா?"ன்னான் மருதப்பன்.

ராஜா எங்க சொல்றது? கண்ணு சொக்கிருச்சு. தல அண்டாப் பக்கம் சாஞ்சிருச்சு. வாய் தொறந்துருச்சு.

"கொர்ர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... கொர்ர்ர்ர்ர்ர்!"

அடேயப்பா! கடுகு எகிறிச்சு பாருங்க! ஒண்ணு உத்திரத்துல மோதுது, ஒண்ணு தளபதி காதுக்குள்ள போவுது, ரெண்டு நவகோடி மூக்குல ஏறிருச்சு. அவன் போட்ட தும்மல்ல ராஜா முழிச்சாரு. தோலு மேல ஒரு கடுகு மிச்சமில்ல.

"எ... என்ன? யாரு ஜெயிச்சா?"

"அலர்மேலு, மகாராஜா!"ன்னான் மருதப்பன்.

"அநியாயம்! குதிக்க வெச்சது ராஜா விட்ட குறட்டை!"ன்னு நவகோடி கத்தினான்.

"ஓ, அப்படியா?" மருதப்பன் தாடையத் தடவினான். "அப்ப ராஜாதான் ஆஸ்தான வித்வான். மகாராஜா, நாளையிலேருந்து விடியறதுக்கு முன்னாடி பச்சத் தண்ணியில குளிச்சுட்டு, கோயில்ல உங்க கச்சேரி. வேணாமா? சரி, யாரால குதிக்குதோன்னுதானே கட்டளை? உங்களத் தூங்க வெச்சது யாரு? அலர்மேலு. எப்படிப் பாத்தாலும் எக்காளம் தோத்துருச்சு."

"பச்சத் தண்ணியா!" ராஜாவுக்கு ஒடம்பு ஒரு தடவ ஆடிருச்சு. "அலர்மேலுதான் ஜெயிச்சா! அலர்மேலுதான்!"ன்னு தொப்பை குலுங்கச் சிரிச்சாரு. தன் சால்வைய அவளுக்குப் போத்தினாரு, காப்பக் கழட்டி மருதப்பன் கையில மாட்டினாரு. மச்சானும் மச்சானும் அண்டாவ உருட்டிக்கிட்டுக் கோட்டை வாசலத் தாண்டினாங்க.

அதோட விட்டிருக்கலாம். ராஜா நிமிந்து உக்காந்தாரு.

"எல்லாஞ்சரி. ஆனா குறட்டைன்னான் பாரு, அது மட்டும் சுத்தப் பொய். நான் குறட்டையே விடமாட்டேன். இங்க யாராச்சும் கேட்டிருக்கீங்களா?"

மந்திரி தரையப் பாத்தாரு. தளபதி காதக் கொடஞ்சாரு. மருதப்பன் புதுக் காப்பத் தொடைச்சான்.

ராணியம்மா வெத்தலைய ஒரு கன்னத்துல ஒதுக்கினாங்க.

"கடுகு ஒரே ஒரு நாளு கேட்டுச்சு, குதிச்சு ஓடிருச்சு. நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து பக்கத்துலயே படுத்திருக்கேன்."