ஆயத்தின் மீதி

உவைஸ் ஆலிம் அழுவதற்காக அந்த மதரஸாவுக்கு வரவில்லை. வழக்குக்குத் தீர்ப்பு வாங்க வந்திருந்தார். மனைவி இறந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது.

கையில் ஒரு தோல் பை. அதற்குள் அவர் எழுதிய புத்தகத்தின் பிரதி ஒன்றும், நாலு பக்கத்துக்குத் தெளிவாக எழுதப்பட்ட கேள்வித்தாளும் இருந்தன. கேள்வித்தாளின் அடியில் பதிலுக்கும் முத்திரைக்கும் இடம் விட்டிருந்தார்.

இஸ்ஹாக் ஹஜ்ரத் அவரைவிட ஏழு வயதுதான் மூத்தவர். ஆனாலும் பாடம் சொல்லிக் கொடுத்த உஸ்தாத் உஸ்தாத்தான். அறுபத்தொரு வயது உவைஸ் ஆலிம், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்ன பிறகுதான் வந்தார்.

"ஜெய்த்தூன் விஷயம் கேள்விப்பட்டேன். அல்லாஹ் அவங்க கபரை விசாலமாக்கட்டும்" என்றார் ஹஜ்ரத்.

"ஆமீன்" என்ற உவைஸ் ஆலிம் பையைத் திறந்தார். "ஹஜ்ரத், எனக்கு ஒரு பத்வா வேணும்."

துக்கம் விசாரித்தவரிடம் காகிதத்தை நீட்டும் மனிதரை என்ன செய்வது? ஹஜ்ரத் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

உவைஸ் ஆலிமைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் குறைவு. கடற்கரை ஊர்க்காரர். இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஷாஃபி மத்ஹப். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவிச் சுத்தமாகும் ஒளுவைப் பற்றி குர்ஆனில் ஓர் ஆயத்து, ஒரு வசனம், உண்டு. அதில் 'பெண்களைத் தீண்டியிருந்தால்' என்று வருகிறது. மனைவியின் மேனி தன் மேனியில் பட்டாலே ஒளு முறிந்துவிடும் என்று ஷாஃபிகள் அதற்குப் பொருள் சொல்வார்கள். அது தாம்பத்தியத்தைத்தான் குறிக்கிறது, வெறுமே தொட்டால் முறியாது என்பார்கள் இன்னொரு மத்ஹபினரான ஹனஃபிகள். ஆயிரம் வருடத்துக்கும் மேலாக இரண்டு தரப்பும் ஒன்றையொன்று மதித்துக்கொண்டு சொல்லிவந்த கருத்துகள் இவை. நம் ஊருக்கு வந்து சேர்ந்ததும் அவற்றுக்கு மேடையும் ஒலிபெருக்கியும் கிடைத்துவிட்டன.

'தொட்டால் முறியும்' என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் புத்தகம் போட்டார் உவைஸ் ஆலிம். ஆறே மாதத்தில் 'தொட்டால் முறியாது' என்று ஒருவர் பதில் போட்டார். மத்ஹபே வேண்டாம் என்ற புது அமைப்பு ஒன்று இரண்டு பேரையும் விவாதத்துக்குக் கூப்பிட்டது. கல்யாண மண்டபம் பிடித்து, இரண்டு நாள் விவாதம் நடந்தது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் மூன்று தரப்பும் தன்னைத்தான் சொல்லும்.

ஹஜ்ரத் நாலு பக்கத்தையும் படித்து முடித்தார்.

"நீங்களே வாயால சொல்லுங்க ஆலிம்சா. எழுத்துல ஒண்ணும் விளங்கல."

"விளங்கலையா? நம்பர் போட்டு எழுதியிருக்கேனே."

"அதனாலதான்."

உவைஸ் ஆலிம் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்.

"அவ ராவுத்தர் வீட்டுப் பொண்ணு. ஹனஃபி. உங்களுக்குத் தெரியும். மவுத்தானதும் அவ அண்ணன் தாவூத் ராவுத்தர் மய்யித்தை அவங்க ஊருக்கே எடுத்துட்டுப் போயிட்டாரு. சரின்னு விட்டேன். குளிப்பாட்டப் போறாங்கன்னு சொன்னதும் நான் எந்திரிச்சேன். பொஞ்சாதியைப் புருஷன் குளிப்பாட்டலாம். எங்க மத்ஹப்ல தெளிவா இருக்கு. முப்பத்தி நாலு வருஷம் என்கூட இருந்தவ. கடைசியா ஒரு தடவை நான் தண்ணி ஊத்தணும்னு நெனச்சேன்."

"ம்."

"வாசல்லயே கையை நீட்டி மறிச்சாரு. 'மவுத்தோட நிக்காஹ் முடிஞ்சுபோச்சு மச்சான். எங்க மத்ஹப்ல இனி நீங்க அந்நியர். பார்க்கலாம், தொடக் கூடாது'ன்னாரு. நான் நபியோட ஹதீஸை எடுத்து வச்சேன். அவங்க பள்ளி இமாம் வேற ஒண்ணை எடுத்து வச்சாரு. அதுக்கு நான் மறுப்புச் சொன்னேன். கிதாபு வேணும்னாங்க. பைக்ல ஆள் போய்ப் பள்ளியிலேர்ந்து எடுத்துட்டு வந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"மய்யித்து?"

"உள்ளதான் இருந்துச்சு. ஐஸ் பெட்டியில."

ஹஜ்ரத் கண்ணாடியைக் கழற்றினார்.

"மறுநாள் மத்தியானம் லுஹருக்கு அடக்க வேண்டியது சாயங்காலம் அசருக்குத்தான் ஆச்சு. சில பேரு செல்போன்ல படம் வேற புடிச்சாங்க. கடைசியில பொம்பளைங்கதான் குளிப்பாட்டினாங்க. என்னைக் கபருக்கு மூணு பிடி மண்ணு போடத்தான் விட்டாங்க, ஹஜ்ரத். மூணு பிடி மண்ணு!"

உவைஸ் ஆலிம் அந்த இடத்தில் இருமிக்கொண்டார்.

"எனக்குக் குளிப்பாட்ட உரிமை இருந்துச்சா, இல்லையா? அதுதான் கேள்வி. உங்க கையெழுத்தோட வேணும். நீங்க ஹனஃபி. ரெண்டு மத்ஹபையும் பாடம் நடத்துனவங்க. நீங்க எழுதினா அந்த இமாம் வாயைத் திறக்க முடியாது. அடுத்த புத்தகத்துல முதல் பக்கத்துலயே போடுவேன்."

ஹஜ்ரத் பேனாவை எடுத்தார். கணவர் தன் மத்ஹபின்படி நடக்க உரிமையுள்ளவர் என்றும், அதற்கு உறுதியான ஆதாரம் உண்டு என்றும், மய்யித்தைக் காத்திருக்க வைத்து வாதாடியது இரு தரப்புக்கும் அழகல்ல என்றும் ஆறு வரி எழுதினார். முத்திரை குத்தி, மை காய ஊதி, மடித்துக் கொடுத்தார்.

உவைஸ் ஆலிம் படித்தார். கடைசி வரி அவருக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி ஜெயித்துவிட்டார். காகிதத்தைப் பைக்குள் வைத்து மூடினார்.

அதற்குள் தேநீர் வந்தது. ஹஜ்ரத் ஒரு கிளாஸை எடுத்து அவரிடம் நீட்டினார்.

உவைஸ் ஆலிம் கிளாஸைப் பார்த்தார். கை வரவில்லை. ஹஜ்ரத்தும் கையை மடக்காமல் நீட்டியபடியே இருந்தார். தேநீரில் ஆவி பறந்தது. அதைக் கீழே வைக்கட்டும் என்று உவைஸ் ஆலிமின் கண் பாயின் ஓரத்தையே பார்த்தது.

"வாங்க மாட்டீங்களா?"

உவைஸ் ஆலிம் திடுக்கிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "மன்னிக்கணும் ஹஜ்ரத். பழக்கம்."

"என்ன பழக்கம்?"

"நான் எந்நேரமும் ஒளுவோட இருக்கறவன். அவ கை தவறிப் பட்டுட்டா முறிஞ்சிடும். அதனால டீயைக் கீழ வச்சிடுவா. நான் எடுத்துக்குவேன். சோத்துத் தட்டும் அப்படித்தான். சாவிக் கொத்தும் அப்படித்தான்."

"முப்பத்தி நாலு வருஷமுமா?"

"முதல் வருஷம் மட்டும் மறந்து மறந்து கையில குடுப்பா. அப்புறம் பழகிட்டா."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நல்ல மனைவிக்குச் சான்றிதழ் கொடுக்கும் குரல். ஹஜ்ரத்துக்குத் தன் டீ கசந்தது. கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவங்க மத்ஹப்ல தொட்டா முறியாதே."

"அவளுக்கு முறியாது. எனக்கு முறியுமே."

"சரிதான்" என்றார் ஹஜ்ரத். பிறகு கேட்டார். "மவுத்து எப்ப ஆச்சு?"

"அசர் நேரம். ஆஸ்பத்திரியில."

"பக்கத்துல இருந்தீங்களா?"

உவைஸ் ஆலிம் ஆஸ்பத்திரியைத் திட்டுவதில் ஆரம்பித்தார். அது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"அது ஒரு ஆஸ்பத்திரியா ஹஜ்ரத்? ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடல. மத்தியானத்துலேர்ந்து குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. கூட்டிப் பெருக்கி எத்தனை மாசமோ. ஜன்னல் கட்டையில விரலால பேரெழுதலாம், அவ்வளவு தூசி. அசர் நேரம் போயிட்டே இருந்துச்சு. ஆறு மாடி இறங்கி ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிட்டு ஏறி வந்தேன். அதுல ஒளு செஞ்சேன். பாட்டில் காலி."

"அப்புறம்?"

"கட்டில் பக்கம் வந்தேன், தொழுதுட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போகலாம்னு. அவ கையை நீட்டினா."

"நீங்க?"

உவைஸ் ஆலிம் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். வெள்ளைத் துண்டு. நன்றாகத் துவைத்திருந்தார்கள்.

"கிதாபுல இருக்கறபடிதான் செஞ்சேன். இடையில துணி இருந்தா முறியாது. துண்டைக் கையில சுத்திக்கிட்டு, அவ கையைப் புடிச்சேன்."

ஹஜ்ரத் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கட்டை விரலால துண்டைத் தடவிப் பாத்தா. அப்புறம் கையை எடுத்துப் போர்வைக்குள்ள வச்சுக்கிட்டா. 'சரி, போய்த் தொழுதுட்டு வாங்க'ன்னா. வராந்தாவுல தொழுதேன். அவளுக்கு நோய் தீர ஷிஃபா வேணும்னு நீளமா துஆ கேட்டேன். அழுது அழுது கேட்டேன், ஹஜ்ரத். திரும்பி வந்தா..."

டீ அவர் கையிலேயே ஆறியிருந்தது.

வகுப்பறையிலிருந்து ஓதும் சத்தம் வந்தது.

"ஆலிம்சா, ஒளு முறியறது பாவமா?"

"என்ன ஹஜ்ரத் இது? சின்னப் பிள்ளைகிட்ட கேக்கற கேள்வி. பாவம் இல்ல. முறிஞ்சா திரும்பச் செய்யணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அந்த ஆயத்தை ஓதுங்க."

உவைஸ் ஆலிமின் ஓதலுக்குத் தனிப் பேர் உண்டு. கண்ணை மூடி, காதருகே கையை வைத்து, ஓர் எழுத்து பிசகாமல் ஓதினார். அறை நிறைந்தது.

"இப்போ தமிழ்ல, அர்த்தத்தோட."

"'ஈமான் கொண்டவர்களே'ன்னு ஆரம்பிச்சு... 'நீங்கள் நோயாளிகளாகவோ பயணத்திலோ இருந்தால், அல்லது உங்களில் ஒருவர் மலஜலம் கழித்துவிட்டு வந்தால், அல்லது பெண்களைத் தீண்டியிருந்தால்...' இந்த இடத்துல ஹஜ்ரத், இமாம் ஷாஃபியோட கருத்து என்னன்னா..."

"கருத்து வேண்டாம். ஆயத்து போதும்."

"'...தண்ணீரும் கிடைக்காவிட்டால்...'"

நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க. கடைசி வரைக்கும்."

"'...சுத்தமான மண்ணைத் தேடி, உங்கள் முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளுங்கள். அல்லாஹ் பிழை பொறுப்பவன், மன்னிப்பவன்.'"

ஹஜ்ரத் எழுந்து அலமாரியைத் திறந்தார். 'தொட்டால் முறியும்' புத்தகத்தின் பழைய பிரதி ஒன்று இருந்தது. தூசி தட்டிப் பாயில் வைத்தார்.

"முந்நூத்திப் பன்னெண்டு பக்கம். இந்தக் கடைசி வரி எத்தனாவது பக்கத்துல வருது?"

உவைஸ் ஆலிம் புத்தகத்தைத் தொடவில்லை. அவருக்கு அதில் எல்லாப் பக்கமும் மனப்பாடம்.

"இதுக்கு அணிந்துரை எழுதினதே நான்தான்" என்றார் ஹஜ்ரத். "நானும் தேடிப் பார்க்கல. உங்களுக்கு இந்த ஆயத்தைப் பதினோரு நாள் நடத்தினேன், ஞாபகம் இருக்கா? 'தீண்டியிருந்தால்'ங்கறதுக்கு மட்டும் பத்து நாள். பதினோராம் நாள் பாங்கு சொல்லிட்டாங்கன்னு மீதியை அவசரமா ஓதி மூடினேன். அதுக்குத்தான் இந்தத் தண்டனை."

"உங்களை ஏன் சொல்றீங்க ஹஜ்ரத்? தண்ணி இல்லாதப்ப மண்ணால செய்யற தயம்மும் எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்!"

"தெரியும்."

"அன்னைக்கு வேற வழி இல்ல. நீங்களும் அங்க இருந்திருந்தா அதைத்தான் செஞ்சிருப்பீங்க." உவைஸ் ஆலிம் தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் கசக்கினார். விவாத மேடையில் எதிரி மடக்கும்போது செய்வதுபோலச் சத்தத்தை உயர்த்தினார். "அது ஆறாவது மாடி, ஹஜ்ரத்! ஆறாவது மாடியில மண்ணுக்கு நான் எங்க போவேன்?"

பதில் ஹஜ்ரத்துக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இருக்க வழி உண்டா என்று பார்த்தார். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக ஆலிம்சாவை விட்டுவிட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஜன்னல் கட்டையில பேரெழுதற அளவுக்குத் தூசின்னு சொன்னீங்களே, உவைஸ்."