டம்ளர் சத்தம்

டங். டங்.

கண்ணை மூடி முழங்காலில் இருந்த ஜெபக்கனிக்கு அந்தச் சத்தம் உச்சந்தலையில் இறங்கியது. அடுத்த அறையில் அவள் புருஷன் சற்குணம் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். பஸ் ஓட்டினவர். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை.

“ஏட்டி, ரெண்டு தட்டு தட்டினா வண்டி எடுக்கணும்!”

“பாத்தீங்களாம்மா?” என்றாள் ஜெபக்கனி, எதிரே இருந்த பெர்சிஸிடம். பெர்சிஸ், பெண்கள் தங்கி ஜெபிக்கிற ஜெப வீடு நடத்துகிறவள். ஜெபக்கனிக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவள். வயதில் இளையவள்தான். ஆனாலும் ஜெபக்கனிக்கு அவள் அம்மா.

“கண்ண மூடினா கஞ்சி. முழங்கால் போட்டா மூத்திரத் துணி. ஒரு ஆராதனையாவது முழுசா முடியுதா? என்னை ஜெப வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருங்க. இவர நாத்தனார் பாத்துக்கிடுவா.”

“அண்ணாச்சி மேல வெறுப்பா, அக்கா?”

“சே! அவர் மேல என்ன வெறுப்பு?” என்றாள் ஜெபக்கனி. “உள்ளுக்குள்ள வறண்டு கெடக்கேம்மா.”

“சரி. ஜெபம் பண்ணிட்டு முடிவு பண்ணுவோம்.”

இருவரும் முந்தானையை இழுத்து முக்காடு போட்டார்கள். ஜெபக்கனி கண்ணை மூடினாள்.

டங். டங்.

இன்றைக்கு எழுந்திருக்கப் போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பெர்சிஸ் ஜெபத்தைத் தொடங்கட்டும் என்று காத்திருந்தாள். நெடுநேரம் ஆகியும் ஒரு சொல் வரவில்லை. கண்ணைத் திறந்தால் எதிரே ஆளில்லை.

எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். கட்டில் ஓரத்தில் பெர்சிஸ், போட்ட முக்காடு போட்டபடி, கஞ்சியை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“கஞ்சி குடுக்க முக்காடு எதுக்கும்மா?” என்றார் சற்குணம். “நான் என்ன பிஷப்பா?”

பெர்சிஸ் சிரித்தபடி அவர் தாடையில் வழிந்ததைத் துண்டால் ஒற்றினாள்.

“அம்மா, ஜெபம்?” என்றாள் ஜெபக்கனி.

“ஆரம்பிச்சாச்சு.”

“எப்போ?”

“அண்ணாச்சி மணி அடிச்சாருல்லா, அப்பவே.”

ஜெபக்கனி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அப்போ நான் ஜெப வீட்டுக்கு எப்போ வர?” என்று கேட்டாள்.

பெர்சிஸ் கிண்ணத்தை அவள் கையில் வைத்தாள்.

“ஆமென் சொல்லிட்டு வாங்க, அக்கா.”

சற்குணம் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

“இன்னும் நெறையக் கெடக்கே.”

ஜெபக்கனியின் முக்காடு நழுவியிருந்தது. அதை இழுத்துவிட்டுக்கொண்டு, கரண்டியில் கஞ்சியை எடுத்து ஊதினாள்.